மூடவிடாத வெடிப்பு

ஒரு குளக்கட்டு எந்த நாளில் சரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை முன்கூட்டிச் சொல்லியிருக்கிறேன். சொன்ன நாளிலேயே சரிந்தது. அதற்காக ஐயனார் கோயில் பொங்கலில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடையை வாங்க எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை. ஏன் என்பதை, கை எழுத ஒத்துழைக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

வன்னிக்கு வருமுன் நான் மலைநாட்டில் வேலை செய்தேன். மண்சரிவுகளை ஆராயும் ஓர் அலுவலகம். மழைக்காலத்தில் எங்காவது ஒரு சாய்வு இறங்கிவிட்டது என்று செய்தி வரும். நாங்கள் நாடாவும் வரைபடமும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் போவோம். மழை மலையைத் தள்ளி விழுத்துகிறது என்றுதான் சனங்கள் நினைப்பார்கள். உண்மையில் மழை தள்ளுவதில்லை. மண்ணின் மணிகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சாய்வு நிற்கிறது. இடைவெளிகளில் தண்ணீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது அந்த மணிகள் ஒன்றையொன்று விட்டு விலகத் தொடங்குகின்றன. மேலே நனைந்த மண்ணின் பாரம் கூடுகிறது. கீழே யாராவது வீதிக்கோ வீட்டுக்கோ சாய்வின் அடியை வெட்டியிருந்தால் தாங்கிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் மண் இறங்கும்.

ஆனால் அது திடீரென்று இறங்குவதில்லை. முதலில் உச்சியில் ஒரு வெடிப்பு வரும். மரங்கள் சாயும். அடிப்பக்கம் வயிறுபோலப் புடைக்கும். தெளிவாக ஓடிய ஊற்று கலங்கி ஓடும். வெடிப்பின் இரு பக்கமும் முளைகள் அடித்து, அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்தைத் தினமும் அளந்தால், அது விரிகிற வேகம் நாளுக்கு நாள் கூடுவது தெரியும். அந்த வேகத்தைத் தலைகீழாக்கி, அதாவது ஒன்றை அந்த வேகத்தால் பிரித்து, வரைதாளில் புள்ளி வைத்தால், கோடு சரிந்து சரிந்து அடிக்கோட்டை நோக்கி வரும். தொடுகிற இடத்தில் எந்த நாள் இருக்கிறதோ அதுதான் மண் விழும் நாள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

நான் அதை ஒருபோதும் செய்து பார்த்ததில்லை. எங்கள் அலுவலகம் எப்போதும் பிந்தித்தான் போகும். நாங்கள் போய்ச் சேரும்போது மண் விழுந்து முடிந்திருக்கும். ஒப்பாரியும் பாதி அடங்கியிருக்கும். விழுமுன் ஒரு தடவையாவது அளக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் பசிபோல இருந்தது. எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு அந்த வேலையையும் மலைநாட்டையும் விட்டு, ஒட்டுசுட்டானுக்கு அப்பால் மனைவியின் தகப்பனார் காடு வெட்டிய காணிக்கு வந்தேன். பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் வயலும் காடும். ஆசையும் ஆறிப்போயிற்று என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் உயரமான இடம் என்று இருந்தது ஒன்றே ஒன்று: குளக்கட்டு. பழைய சிறு குளம். அதன் கட்டை ஊரார் சேர்ந்து இரண்டு மூன்று கோடைகளாக மண் போட்டு உயர்த்தியிருந்தார்கள். பொருளாதாரத் தடைக்காலம், இயந்திரம் ஓட எண்ணெய் இல்லை, எல்லாம் மண்வெட்டியும் கடகமும்தான். அடித்து இறுக்காத மண் அது. கட்டின் வெளிப்புற அடியில், வயலுக்கும் கட்டுக்கும் இடையில் இருந்த மேட்டுத் துண்டில் ஒரு குடும்பம் இருந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்கள். கணவருக்கு நெஞ்சுவருத்தம், எல்லாப் பாரமும் அந்தப் பெண்ணின் தலையில். நாற்பது வயதிருக்கும். அந்தத் துண்டில் கத்தரியும் மிளகாயும் வைத்து, தன் கையாலேயே ஒரு கிணறும் வெட்டியிருந்தார். காணி அவருடைய பெயரில் இல்லை. ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கம் இருக்க விட்டது. அடுத்த ஆண்டு காணி அனுமதிப்பத்திரத்துக்கு அவர் பெயரைக் கொடுப்பதாகச் சங்கத் தலைவர் சொல்லியிருந்தார். அந்தப் பத்திரத்துக்காகத்தான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். கடைக்குப் போனாலும் கோயிலுக்கு வந்தாலும் அதைப் பற்றித்தான் கதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாரி. மழை விடாமல் பெய்து குளம் நிரம்பி, மிகுந்த தண்ணீர் வழிந்தோடும் வான் பாய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு கட்டின்மேல் வரும்போது வெடிப்பைக் கண்டேன். கட்டின் வெளி விளிம்போடு, வில்போல வளைந்து, விரல் நுழையும் அகலத்தில். அப்படி வளைந்த வெடிப்பின் பொருள் எனக்குத் தெரியும். குந்தியிருந்து விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன். பயம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது சந்தோஷம்.

அன்றே முதிரைக் கம்புகளைச் சீவி, வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, தலையில் ஆணி இறுக்கினேன். காலையும் மாலையும் ஆணிக்கும் ஆணிக்கும் இடையே அளந்தேன். மழையை அளக்கப் பால்மாத் தகரப் பேணி ஒன்றைக் கட்டின்மேல் வைத்தேன். என் மனைவிக்கு விளங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இந்த மழைக்குள்ள குடையும் இல்லாமல் எங்க போறியள்? கட்டு என்ன, உங்கட ரெண்டாம் தாரமோ?"

சங்கத் தலைவர் அடுத்தநாளே வந்துவிட்டார். பருத்த மனிதர், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்தவர்களின் இரண்டாம் தலைமுறை. சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு முளைகளைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், பந்தல்கால் நட்டிருக்கிறியள்? ஆருக்குக் கலியாணம்?"

"கட்டு வெடிச்சிருக்கு. பகிடி இல்லை."

"மலை இல்லாத ஊரிலை மண்சரிவுக்கு மாஸ்டர் வைச்சிருக்கிறது நாங்கள் மட்டும்தான்," என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "துருசைத் திறக்க வேணுமோ?" என்று கேட்டார்.

மதகைத் திறக்கத்தான் வேண்டும். குளத்து நீர்மட்டம் இறங்கினால் கட்டுக்குள் இருக்கும் நீரும் மெல்ல இறங்கும். ஆனால் திறந்தால் கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை. அவர் அதை விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "கொஞ்சம் திறந்தால் நல்லது," என்றேன். அழுத்திச் சொல்லவில்லை. அவர் கொஞ்சம்கூடத் திறக்கவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அந்தப் பெண் கடகத்தில் களிமண்ணோடு கட்டின்மேல் நின்றார். கணவர் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில். கீழே அவர்களுடைய குடிசையின் கூரையில் பாதி திறந்து கிடந்தது. கூரைக்குப் போட்டிருந்த நீலத் தரப்பாளை அவிழ்த்து மடித்துத் தோளில் போட்டிருந்தார்.

"சார், வெடிப்ப அடைச்சு மேல இதப் போட்டுர்றேன். தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்குப் பின்னாடி இப்படித்தான் வெடிச்சுச்சு. அப்பா களிமண்ண மிதிச்சு அடைப்பாரு. தண்ணி உள்ள போகக் கூடாதுல்ல?"

"கூரையைக் கழட்டிப்போட்டு எங்க படுக்கப் போறியள்?"

"கட்டு நின்னா எங்க வேணாலும் படுக்கலாம் சார்."

அவர் சொன்னது சரி. அது எனக்குப் புதிதும் அல்ல. வெடிப்பை மூடி, மழை உள்ளே போகாமல் செய்வதுதான் முதல் வேலை என்று நானே எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் களிமண் போட்டு மிதித்தால் என் முளைகள் அசையும். மழை உள்ளே போவது நின்றால் வேகம் குறையும். வரைதாளில் என் கோடு அதற்குள் அழகாக இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு நாளாக இரவில் அதையே நினைத்துக்கொண்டு படுத்தேன்.

"வேண்டாம், மூடாதேங்கோ," என்றேன். "மூடினால் உள்ளுக்குப் போன தண்ணி ஆவியாக வழி இல்லாமல் அடைபட்டு, கட்டு ஊதி வெடிக்கும்."

அது பொய். வாயில் அது எப்படி அத்தனை ஒழுங்காக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அதற்குப் படிப்பின் மணம் இருந்தது. அவர் கடகத்தைக் கீழே வைத்தார்.

"ஊதுமா சார்?"

"ஓம். நான் பாத்துக்கொள்ளுறன். விழுறதெண்டால் முதலே சொல்லுவன்."

கணவர் மட்டும் என்னை ஒரு கணம் பார்த்தார். "சார் படிச்சவரு. எறங்கு புள்ள," என்றார். இருவரும் இறங்கிப் போனார்கள். தரப்பாள் திரும்பவும் கூரைக்கு ஏறியது. அன்று பின்னேரம் பெய்த மழை வெடிப்புக்குள் சுழித்துக்கொண்டு இறங்கியதை நின்று பார்த்தேன்.

அதன்பின் நடந்ததெல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே நடந்தது. வெடிப்பு ஒரு கை நுழையுமளவு விரிந்தது. கட்டின் அடி புடைத்தது. அவருடைய கிணற்றுத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. என் கோடு ஒரு வெள்ளிக்கிழமையைத் தொட்டது. வியாழக்கிழமை காலை தலைவரிடம் போய்ச் சொன்னேன். இந்தத் தடவை அழுத்திச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கட்டுக்குக் கீழே இருந்தவர்கள் சாமான்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். அந்தப் பெண் இரண்டு ஆடுகளையும் தரப்பாளையும் சட்டி பானைகளையும் கொண்டுவந்து, என் வகுப்பறை மூலையில் அடுக்கினார். "சார் சொன்னபடி சொல்லிட்டீங்க," என்று நன்றியோடு பார்த்தார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எழுத்தே இல்லாத பலகை.

வெள்ளி மத்தியானம், மழை விட்டு வெயில் எறித்த நேரத்தில், கட்டின் வெளிப்பக்கம் ஒரு கதிரையில் இருப்பவர் சறுக்கிப் படுப்பதுபோல இறங்கியது. பெரிய சத்தம்கூட இல்லை. குடிசை, கத்தரித் தோட்டம், கிணறு எல்லாம் மண்ணுக்குள் போயின. கட்டின் பாதி அகலம்தான் மிச்சம். அதையும் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகாமல் இருக்க, துருசைத் திறந்து வானையும் வெட்டிக் குளத்தை வடியவிட்டார்கள். பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த பள்ளவயல் நெல்லெல்லாம் அந்தத் தண்ணீரில் படுத்தது. ஒருவருக்கும் காயம் இல்லை. ஆடு ஒன்றுகூடச் சாகவில்லை.

ஊர் என்னைத் தூக்கி வைத்தது. "நாளைச் சொல்லி விழுத்தினவர்" என்று பகிடியாகச் சொன்னார்கள். பகிடிதான், எனக்குத்தான் அது சுட்டது. தைப்பொங்கல் கழிந்து ஐயனார் கோயிலில் பொன்னாடை. நான் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினேன்.

ஆனால் வயல் போனவர்களுக்குப் பொன்னாடையில் ஆறுதல் இல்லை. யாராவது ஒருவர் செய்த பிழையாக அது இருக்க வேண்டியிருந்தது. கட்டின் அடியில் மண் வெட்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அந்தப் பெண் குடிசைக்குச் சுவர் வைக்க அங்கே மண் எடுத்தவர்தான். ஊரில் பாதிப்பேர் அங்கே மண் எடுத்தார்கள்; என் வீட்டுக் குசினியில் அடுப்படித் தரையும் அந்த மண்தான். அடியை வெட்டுவது சாய்வுக்குக் கூடாது என்பதும் உண்மைதான். சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழும்பி, "தோட்டக்காட்டுச் சனத்தைக் கட்டுக்குக் கீழை விட்டால் இதுதான் நடக்கும்," என்றார். இன்னொருவர், "மலையை வெட்டிப் பழகின கை, கட்டை விடுமே?" என்றார். சிரித்தார்கள்.

அந்தப் பெண் பின்வரிசையில் நின்று, "நாங்க மட்டுமா எடுத்தோம்? எல்லாரும் எடுத்தீங்கதானே?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

தலைவர், "மாஸ்டர், அடியை வெட்டினது காரணமோ இல்லையோ?" என்று கேட்டார்.

"அதுவும் ஒரு காரணம்," என்றேன்.

மிச்சக் காரணங்களைச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. ஒருவரும் என்னைத் தடுக்கவில்லை. நான் இருந்துவிட்டேன். அனுமதிப்பத்திரத்துக்குப் போன பெயர்களில் அவர் பெயர் இல்லை. கட்டைத் திருத்திய பிறகு அந்தத் துண்டு தலைவரின் மைத்துனர் குடும்பத்துக்குப் போயிற்று. அந்தப் பெண்ணும் கணவரும் முரசுமோட்டைப் பக்கம் கூலி வயல் வேலைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு மாரி அப்படியே கழிந்தது. மூன்றாவது மாரியில் ஒருநாள் கட்டால் வந்தபோது, வேறோர் இடத்தில் மயிரிழைபோல வெடிப்பு ஒன்றைக் கண்டேன். அதைக் காவல் காப்பதுபோல ஒரு கிழவர் குந்தியிருந்தார். காலால் மண்ணைத் தள்ளி அதை மூடப் போனேன்.

"ஐயோ மாஸ்டர், மூடாதேங்கோ! மூடினால் கட்டு ஊதுமெண்டு நீங்கள்தானே அந்த மனிசிக்குச் சொன்னீங்கள்? சங்கத்திலை எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கு."

அவரோடு வாதாடி, கடைசியில் சத்தம் போட்டுத்தான் அந்த வெடிப்பை மூடினேன். அடுத்த ஞாயிறு முரசுமோட்டைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டேன். புதுக்குடியிருப்பால் போய், பரந்தன் வீதியில் ஏறி, பின்னேரம் ஆகிவிட்டது. அவர் ஒருவருடைய வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கணவர் இறந்து ஆறேழு மாதம் என்று அங்கேதான் அறிந்தேன். வயல் வரம்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊதும் என்றது பொய், கோட்டை வரைந்து பார்க்கும் ஆசையில் சொன்ன பொய் என்று சொன்னேன். அவர் கையில் இருந்த களையின் வேரைத் தண்ணீரில் அலசிக்கொண்டே கேட்டார்.

"அடைச்சிருந்தா நின்னிருக்குமா சார்?"

"தெரியாது. நிண்டிருக்கலாம். விழுந்தும் இருக்கலாம்."

"அது கூடத் தெரியாதா?"

"தெரியாது."

களையை வரம்பில் எறிந்தார். பிறகு, "இத ஏன் சார் எங்கிட்ட வந்து சொல்றீங்க?" என்றார். "நான் ஒடைக்கலைன்னு எனக்குத் தெரியுமே. அங்க போய்ச் சொல்லுங்க. எந்த எடத்துல சும்மா இருந்தீங்களோ அந்த எடத்துல சொல்லுங்க."

சொன்னேன். அடுத்த சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, மூடவிடாதது நான், மூடினால் ஊதும் என்பது பொய், அடிமண் எல்லாரும் எடுத்தது, என் குசினியும் அதுதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏச்சை எதிர்பார்த்தேன். ஒருவரும் ஏசவில்லை. தலைவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "மாஸ்டருக்கு நல்ல மனம்," என்றார். "அந்த மனிசியின்ரை புருஷன் செத்துப்போனதைக் கேள்விப்பட்டு, பாவம் பாத்துப் பழியைத் தன்ரை தலையிலை போடுறார்."

"இல்லை, நான் சொல்லுறது உண்மை."

"மாஸ்டர், நாளைச் சரியாச் சொன்ன ஆள் நீங்கள். வெடிப்பு விஷயத்திலை பிழை விடுவியளே? இருங்கோ, தேத்தண்ணி வருகுது."

மைத்துனர் அந்தத் துண்டில் கல்வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியிருந்தார். அதைப் பற்றிக் கேட்டேன். "அது குடுத்த காணி மாஸ்டர்," என்பதோடு முடிந்தது.

மறுபடி முரசுமோட்டைக்குப் போனேன். இந்தத் தடவை அவர் குடிசை வாசலில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நம்பலியா?" என்று சுளகை இறக்கிவைத்துச் சிரித்தார். "கட்டு மேல வச்சு சொன்னப்ப மட்டும் எல்லாரும் நம்புனோமே."

எங்கள் வளவின் பின்பக்கம் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, உறுதி எழுதித் தருகிறேன், வந்து இருங்கள் என்றேன். மனைவியும் சம்மதம் என்று சொன்னேன், அது உண்மை.

"வேணாம் சார். அங்க வந்து இருந்தா என்னா சொல்லுவாங்க? கட்ட ஒடைச்சவள மாஸ்டர் பாவம் பாத்து வச்சிருக்காருன்னு சொல்லுவாங்க. எங்காணிதான் எனக்கு வேணும். நான் வெட்டுன கெணறு அங்கதான் கெடக்கு." பிறகு, என் முகத்தைப் பார்த்து இரங்கியவர்போல, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. சீனி இல்ல. பனங்கட்டி கடிப்பீங்களா?" என்றார்.

குடித்தேன். அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் சண்டை வந்து முரசுமோட்டைச் சனங்கள் திக்குத் திக்காய் இடம்பெயர்ந்தார்கள். பிறகு அவரைக் காணவில்லை. விசாரித்துப் பார்த்த இடமெல்லாம் வேறு யாரோ இருந்தார்கள்.

இப்போது எனக்கு எண்பதுக்கு மேல். நித்திரை வராதபோது மண்ணின் பிடியையும் மழையையும் கட்டின் சாய்வையும் வைத்துக் கணக்குப் போடுகிறேன். மூடியிருந்தால் நின்றிருக்குமா என்று அவர் கேட்டதற்கு விடை வேண்டும். அந்தக் கணக்கை முடிக்க, வெடிப்பை மூடிய பிறகு கட்டு எப்படி அசைந்தது என்ற ஓர் அளவு தேவை. அது என்னிடம் இல்லை. அதை எடுக்க நான் விடவில்லை.